ஒத்தை ஆள் தலைக்கட்டு

அன்றைக்குக் கோயில் மண்டபத்தில் இருந்தவர்கள்: பங்குச் சாமியார், வரி நோட்டோடு உபதேசியார், ஊர்த் தலைவரான திராட்சைத் தோட்டக்காரர், போடியில் கடை வைத்திருக்கும் ஏலக்காய் வியாபாரி, ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர், மாதா சபைத் தலைவி, என் அண்ணன், நான். எட்டுப் பேர். டீ கொண்டு வந்த ஆள் தம்ளர்களை வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் படியிறங்கிய பிறகுதான் நான் வாயைத் திறந்தேன். ஜன்னலுக்கு வெளியே யாரும் நிற்கவில்லை. இதையெல்லாம் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்துச் சரிபார்த்துவிட்டேன். நான் சொன்னதை நேரில் கேட்டவர்கள் எத்தனை பேர் என்று தெரிந்தால்தான், அடுத்தவர் சொல்லிக் கேட்டவர்கள் யார் யார் என்று கண்டுபிடிக்க முடியும். கடைத்தெருவில் ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தால் இந்தக் கணக்குதான் முதலில் மண்டையில் ஓடும்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஜீப் ஓட்டுகிறேன். காலையில் கம்பத்திலிருந்து மலைப்பாதை வழியாகக் கேரளாப் பக்கம் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போவேன். சாயங்காலம் கூட்டி வருவேன். மலை ஏறுவதற்கு முன்னால் பிரேக்கை மிதித்துப் பார்ப்பேன். பாதி வழியில் வண்டியை ஓரங்கட்டி இறங்கி நாலு டயரையும் தட்டிப் பார்ப்பேன். மற்ற டிரைவர்கள் சிரிப்பார்கள். வேலைக்குப் போகும் பெண்கள் மட்டும் சிரிக்காமல் என் வண்டிக்குக் காத்திருப்பார்கள். பயந்தாங்கொள்ளி ஓட்டுகிற ஜீப் பள்ளத்தில் விழாது என்பது அவர்கள் கணக்கு.

எங்கள் ஊரில் கோயில் வரி தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். கல்யாணம் ஆன ஆண் ஒரு தலைக்கட்டு. அவன் பேரில் நோட்டில் ஒரு வரி எழுதுவார்கள். புருஷன் செத்துப் போனால் பெண்டாட்டி பேரில் அரை வரி. கல்யாணம் ஆகாதவனுக்குத் தனியாக இடம் கிடையாது. அப்பா பேருக்குக் கீழோ அம்மா பேருக்குக் கீழோ அவன் அடங்கிக்கொள்வான். அம்மா இருந்தவரை அவளுடைய அரை வரியில் நானும் இருந்தேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் அம்மா போனாள். உபதேசியார் சிவப்பு மையில் அவள் பேரை அடித்தார். அதோடு நானும் அடிபட்டுப் போனேன். அண்ணன் தனித் தலைக்கட்டு. அவனுக்குக் கீழே என்னை எழுத முடியாது, நான் அவன் பிள்ளை இல்லையே.

இதில் என்ன வந்தது என்று கேட்கலாம். நோட்டில் பேர் இருந்தால்தான் செத்தால் துக்க மணி அடிப்பார்கள், பிணம் தூக்கக் கோயில் தூம்பாப் பெட்டியைத் தருவார்கள், கல்லறையில் குழி காட்டுவார்கள். பேர் இல்லாதவனை அப்படியே போட்டுவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. யாராவது இரக்கப்பட்டுச் செய்வார்கள். ஆனால் இரக்கப்பட்டு அடிக்கிற மணி வேறு. நாற்பத்து மூன்று வயதில் ஒருவன் இதைப் பற்றி இவ்வளவு கவலைப்பட வேண்டுமா என்றால், நான் கவலைப்படுகிற ஆள். அந்த நோட்டில் என் பேர் ஒரு வரியாக வர வேண்டும் என்று கேட்கத்தான் அன்றைக்கு மண்டபத்துக்குப் போனேன்.

கேட்டால் ஏன் கல்யாணம் செய்யவில்லை என்ற கேள்வி வரும். அதற்குத்தான் மூன்று வருஷம் தள்ளிப் போட்டேன்.

ஜீப்பில் அந்தக் கேள்வி தினமும் வரும். அதற்குப் பழகிவிட்டேன்.

"ஏண்ணே, உனக்குன்னு ஒருத்தி எந்த ஊர்ல பெறந்து கெடக்காளோ."

"அவ பெறந்து, இவரு வருவாருன்னு பாத்துச் சலிச்சுப் போயி, வேறொருத்தனைக் கட்டி இந்நேரம் பேரன் எடுத்துருப்பா."

"சும்மா இருங்கடி. அண்ணன் நேர்ந்துவிட்ட புள்ள. சாமி சொத்துல கைய வைக்காதீக."

இந்த நேர்ச்சைக் கதையை யார் கட்டினார்கள் என்று தெரியாது. அண்ணனுக்குப் பிறகு, எனக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் பிறந்து தவறிப் போயின. நான் தங்கியதும் அம்மா வெறுங்காலோடு கோயிலுக்கு நடந்து போய் மெழுகுவர்த்தி ஏற்றினாள். அவ்வளவுதான். நான் முப்பதைத் தாண்டியும் கல்யாணம் பேசவில்லை என்றதும், பிள்ளையை மாதாவுக்கு நேர்ந்துவிட்டாள், அதனால்தான் அவன் பெண்ணைத் தொடவில்லை என்று ஊரே முடிவுகட்டிவிட்டது. அம்மா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எனக்கும் அது ஒரு குடை மாதிரி இருந்தது. மழைக்கு நின்றுகொண்டேன்.

உண்மை என்னவென்றால் எனக்குப் பெண்கள் மேல் நாட்டம் வந்ததே இல்லை. ஆண்கள் மேல்தான். பள்ளிக்கூடத்தை விட்டதற்கும் அது ஒரு காரணம், அதை இங்கே விரித்து எழுதத் தெம்பில்லை. முப்பத்தைந்து வயதில் நெடுங்கண்டம் பக்கம் ஒரு தோட்டத்தில் ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரைப் பார்த்துக்கொண்டிருந்தவரோடு எனக்குப் பழக்கமானது. அவரும் எங்களைப் போல வேதக்காரர்தான், மலையாளி. இரண்டு வருஷம். பெண்களைத் தோட்டத்தில் இறக்கிவிட்டுச் சாயங்காலம் வரை நான் அங்கேதான் இருப்பேன். சூட்டில் ஏலக்காய் வாசம் கண்ணைக் கரிக்கும். அவர் வெளிநாட்டுக்குப் போனார். பிறகு கல்யாணம் செய்துகொண்டதாகக் கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு யாரும் இல்லை. அந்த இரண்டு வருஷமும் நான் பூசையில் நன்மை, அதாவது நற்கருணை, வாங்கப் போகவில்லை. எல்லோரும் வரிசையில் போகும்போது பெஞ்சில் முழங்கால் போட்டுச் செருப்பு வார் அறுந்த மாதிரி குனிந்திருப்பேன். எத்தனை ஞாயிறுதான் ஒருவனுக்குச் செருப்பு வார் அறும்.

இப்போதைய சாமியார் வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. என்னைவிடப் பத்து வயது சின்னவர். மாதம் ஒருமுறை தோட்டத்துச் சிற்றாலயத்தில் பூசை வைக்க என் ஜீப்பில்தான் வருவார். ஒவ்வொரு வளைவிலும் சீட்டுக்கு முன்னால் உள்ள கம்பியைப் பிடித்துக்கொள்வார், உதடு அசையும்.

"மெதுவாத்தான் போறீங்க, ஆனாலும் பயமா இருக்கு" என்றார் ஒருநாள்.

"எனக்கும் பயமாத்தான் சாமி இருக்கு, அதான் மெதுவாப் போறேன்."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்கு என்ன ஆனதோ, அடுத்த மூன்று வளைவுக்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஸ்டோர்க்காரரைச் சொன்னேன், செருப்பு வாரைச் சொன்னேன். ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொல்லலாம் என்பது ஒரு வசதி. அவரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

பிறகு புத்தகத்தில் உள்ளதைச் சொன்னார். மனசு அப்படி இருப்பது பாவம் இல்லை. அப்படி நடந்துகொள்வதைத்தான் திருச்சபை ஒத்துக்கொள்ளாது. உங்களை மாதிரி ஆட்களை மரியாதையோடும் பரிவோடும் ஏற்றுக்கொள்ளச் சொல்லியிருக்கிறது. உங்களைக் கற்போடு வாழச் சொல்லியிருக்கிறது.

"ஆறு வருஷமா அப்படித்தான் சாமி இருக்கேன். ஆனா அது கற்பா, பயமான்னு எனக்கே தெரியல. ஆரும் கிடைக்கல, ஊருக்குத் தெரிஞ்சுருமோன்னு நடுக்கம், அதனால சும்மா இருக்கேன். இதைக் கொண்டுபோயி ஆண்டவர்ட்ட என்னான்னு காட்றது?"

"என் விஷயத்துலயும் சில நாள் அது எதுன்னு எனக்குத் தெரியாது" என்றார் அவர். பிறகு வெளியே பார்த்துக்கொண்டார். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் சொன்ன மற்றதையும் தள்ளிவிடாமல் வைத்திருக்கிறேன். வைத்திருக்கிறேனே தவிர, எல்லாம் சமாதானமாக இறங்கவில்லை. ஸ்டோர்க்காரர் எனக்குச் சளி பிடித்தால் சுக்கு தட்டிப் போட்டுக் கொடுத்ததை எந்தப் பாவத்தின் கீழ் எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் புதுக் கவலை பிடித்தது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைத்தான் சாமியார் வெளியே சொல்லக் கூடாது. நான் சொன்னதோ ஜீப்பில். பாவசங்கீர்த்தனக் கூண்டில் மண்டியிடவில்லை, சிலுவை வரையவில்லை. அப்படியென்றால் அது பேச்சு. பேச்சை யாரிடமும் சொல்லலாம். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் வண்டியைப் பாதியில் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுச் சாமியார் பங்களாவுக்குப் போய் நின்றேன்.

"சாமி, அன்னிக்கு சொன்னதைப் பாவசங்கீர்த்தனமா வச்சுக்கிடணும்."

"நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேங்க."

"இல்ல சாமி. முறைப்படி."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு ஊதா நிறத் தோள்பட்டியை எடுத்து முத்தமிட்டுப் போட்டுக்கொண்டார். நான் முழங்கால் போட்டு அதே கதையை, ஒரு வளைவு விடாமல், முதலிலிருந்து சொன்னேன். எழுந்தபோது உடம்பு லேசாக இருந்தது. இனி இந்த மனுஷர் வாயைத் திறக்க முடியாது. நான் செய்த தப்பு அதுதான். அது தப்பு என்று மண்டபத்தில்தான் தெரிந்தது.

திருவிழா வரி பேசக் கூட்டம் போட்டிருந்தார்கள். என் விஷயம் கடைசியில் வந்தது. உபதேசியார் வாசித்தார்: இன்னார் மகன், வயது நாற்பத்து மூன்று, தன்னைத் தனித் தலைக்கட்டாக எழுதக் கேட்கிறார்.

ஊர்த் தலைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "கல்யாணம் ஆகலையே. நோட்டுல எப்படி ஏத்துறது? நாளைக்கு மீசை முளைச்சவன் எல்லாம் வந்து நானும் தலைக்கட்டும்பான். கூட்டத்துல கைதூக்க வருவான்."

"இவனுக்கு மீசை நரைச்சுப் போச்சேய்யா" என்றார் வியாபாரி.

அப்போது அண்ணன் எழுந்தான். அவன் எனக்காகத்தான் வந்திருந்தான். கைகட்டிக்கொண்டு, நல்ல சட்டையில். "எங்கம்மா இவனை மாதாவுக்கு நேர்ந்துவிட்டுட்டாக. அது எல்லாருக்கும் தெரியும். அதனால தலைக்கட்டும் வேணாம், வரியும் வேணாம். நேர்ச்சை ஆளுன்னு தனியா ஒரு பக்கத்துல எழுதிட்டா கோயில் பொறுப்புல இருந்துக்குவான்."

மாதா சபைத் தலைவி தலையை ஆட்டினார். "அது நல்லாருக்கு. அந்தத் தாய் நடந்து போனதை எங்க மாமியா சொல்லுவாக."

"சாமி என்ன சொல்றீங்க? அப்படி நேர்ச்சை உண்டா?" என்று தலைவர் திரும்பினார்.

எல்லோரும் சாமியாரைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவர் ஒரு வார்த்தை பேசினால் போதும். நேர்ச்சையோ இல்லையோ, கல்யாணம் ஆகாதவரும் திருச்சபையில் முழு ஆள்தான், எழுதுங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவருக்குத் தெரிந்ததெல்லாம் தோள்பட்டியைப் போட்டுக்கொண்டு கேட்டது. எதைச் சொன்னாலும் அதிலிருந்து எடுத்துச் சொன்னது போல் ஆகிவிடும் என்று பயந்திருப்பார். டீத் தம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். காது சிவந்துவிட்டது. அவர் வாயை நான்தான் தைத்திருந்தேன்.

பேசாமல் இருந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். மணி, பெட்டி, குழி, எல்லாம் வரி இல்லாமலே. செத்தால் மாலைகூடப் பெரிதாகப் போடுவார்கள். ஆனால் அது வேறு யாரோ ஒருவனுக்குப் போடுகிற மாலை. அம்மா பேரில் ஒரு பொய்யை எழுதி அதற்குக் கீழே என்னைப் படுக்க வைப்பது. நோட்டில் என் பேர் வர வேண்டும் என்று வந்துவிட்டு, அந்தப் பேருக்குப் பக்கத்தில் நான் இல்லாமல் போவது.

"நேர்ச்சை எதுவும் இல்லைங்க" என்றேன்.

"உக்காருலே" என்றான் அண்ணன், சத்தமில்லாமல்.

"அம்மா என்னை யாருக்கும் நேர்ந்துவிடல. எனக்குப் பொம்பளை மேல நாட்டம் கிடையாது. ஆம்பளை மேலதான். சின்னதுலருந்தே அப்படி. ஒருத்தியைக் கட்டி அவ வாழ்க்கையைக் கெடுக்கக் கூடாதுன்னுதான் கட்டல."

அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். பதற்றக்காரனுக்கு நிறுத்தத் தெரியாது. "இப்ப தப்பா எதுவும் இல்ல. ஆறு வருஷமா தனியாத்தான் இருக்கேன். ஜீப்பு கூட என் சொந்தம்தான், லோன் முடிஞ்சுருச்சு" என்று வரை போய்விட்டேன். லோன் எதற்கு அங்கே வந்தது என்று இன்றைக்கு வரை புரியவில்லை.

உபதேசியார் பேனா மூடியைத் திருகித் திருகித் திறந்தார்.

கண்டக்டர்தான் முதலில் பேசினார். முப்பது வருஷம் டிக்கெட் கிழித்த குரல். "சாமி, நான் கேக்கறேன்னு கோவிச்சுக்கிறாதீக. இன்னிக்கு இவனைத் தலைக்கட்டுன்னு எழுதுறோம். நாளைக்கு ஒருத்தனைக் கையைப் பிடிச்சுக் கூட்டியாந்து, இவனும் என் தலைக்கட்டுலதான்னு சொன்னா என்ன பண்ணுவீக?"

நானே எல்லாவற்றையும் வெளியில் சொல்லிவிட்டதால் இப்போது சாமியாருக்கு நாக்கு வந்தது. "ஆணும் பெண்ணும் சேர்றதுதான் திருமணம். திருச்சபை அதை மாத்தல, நானும் மாத்த முடியாது. ஆனா இவர் இங்கன கல்யாணம் கேட்டு வரல. வரி கட்டுறேன்னு வந்து நிக்கிறார். வரி கட்டுறேங்கறவரை எந்தச் சட்டத்தை வச்சு வெளிய நிறுத்தச் சொல்றீங்க?"

முதல் பாதியைக் கேட்டபோது நெஞ்சில் ஒன்று குத்தியது. இரண்டாம் பாதியைக் கேட்டபோது அழுகை வந்தது. இரண்டும் ஒரே மூச்சில் ஒரே மனிதரின் வாயிலிருந்து வந்தன. எதை எடுத்து எதை விடுவது என்று தெரியாமல் இரண்டையும் தூக்கிக்கொண்டுதான் அலைகிறேன். ஸ்டோர்க்காரர் வெளிநாடு போகாமல் இருந்திருந்தால் கண்டக்டர் சொன்னபடிதான் போய் நின்றிருப்பேனோ என்றும் தோன்றுகிறது. அந்தக் கேள்விக்காக அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ராத்திரியில் நானே என்னைக் கேட்கிற கேள்வி அது.

மாதா சபைத் தலைவி சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். "ஆத்தா, கேக்கக் கூடாததெல்லாம் கேக்க வேண்டியிருக்கு" என்று மாதாவிடம் சொல்வது போல முணுமுணுத்தார். எழுந்து போகவில்லை.

கடைசியில் வியாபாரிதான் முடித்துவைத்தார். ஏலக்காய் தரம் பார்க்கிற மாதிரி என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏங்க, பொண்டாட்டி இல்ல, புள்ள ஃபீஸ் இல்ல, சீர் செனத்தி இல்ல, ஜீப்பு லோனும் முடிஞ்சுருச்சுங்கறான். இந்த ஊர்லயே கையில காசுள்ள ஒரே ஆளு இவன்தான். இவனைப் போயி இலவசமாக் கிடன்னு விடுறீகளே. முழு வரி எழுதுங்க. அம்மா போனதுலருந்து மூணு வருஷப் பாக்கியையும் சேத்துப் போடுங்க."

தலைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்டக்டர் சிரிக்கவில்லை. ஆனால் வேண்டாம் என்று கையும் தூக்கவில்லை. உபதேசியார் என்னைப் பார்க்காமல், "பேரை முழுசாச் சொல்லுங்க" என்றார். நான் சொன்னேன். பெண்டாட்டி பேர் எழுதுகிற கட்டத்தில் ஒரு கோடு போட்டார். சின்னக் கோடுதான். எனக்கு அது ஒரு முழம் நீளம் தெரிந்தது.

வெளியே வந்ததும் அண்ணன் என் சட்டையைப் பிடித்தான். அடிக்கவில்லை, பிடித்தான் அவ்வளவுதான்.

"நேர்ச்சைன்னு சொன்னதுல உனக்கு என்னலே குறைஞ்சுபோச்சு?"

"பொய்ணே அது."

"எம்பொண்ணுக்கு அடுத்த வருஷம் மாப்பிள்ளை பாக்கணும். வர்றவன் சித்தப்பன் யாருன்னு கேப்பான்ல. அங்கன போயி உன் உண்மையை நான் எந்தப் பையில வச்சுக் கொண்டுபோறது?"

அவன் போட்டு வந்திருந்த நல்ல சட்டை எனக்காகவும்தான், அவன் மகளுக்காகவும்தான். அதற்குப் பிறகு இரண்டு மாதமாக அவன் வீட்டுப் பக்கம் போகவில்லை. அண்ணி மட்டும் மீன் குழம்பு வைத்தால் கொடுத்துவிடுகிறாள். டிபனைத் திறக்கும்போதெல்லாம் இது அவனுக்குத் தெரிந்து வருகிறதா, தெரியாமல் வருகிறதா என்று யோசித்து ஆறவிட்டுவிடுகிறேன்.

ஜீப்பில் ஒரு வாரம் பெண்கள் அதிகம் பேசவில்லை. இரண்டு பேர் வேறு வண்டிக்கு மாறிவிட்டார்கள். அவர்களுக்கு வேலை வேறு தோட்டத்துக்கு மாறியது என்று ஒருத்தி சொன்னாள். விசாரித்துப் பார்க்கலாம்தான். பயமாக இருக்கிறது. எட்டாம் நாள் பின்சீட்டிலிருந்து ஒரு குரல், "ஏண்ணே, டயரைத் தட்டிப் பாத்தியா, இல்ல இன்னிக்கு அதையும் மறந்துட்டியா?" என்றது. இறங்கி நாலையும் தட்டிப் பார்த்தேன்.

எங்கள் ஊரில் திருவிழாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் வரி பாக்கி வைத்திருப்பவர்களின் பேரை உபதேசியார் மைக்கில் வாசிப்பார். மானத்துக்குப் பயந்து அதற்கு முன்னாலேயே எல்லோரும் கட்டிவிடப் பார்ப்பார்கள். தலைக்கட்டுக்கு வருஷம் இரண்டாயிரம். மூன்று வருஷப் பாக்கி ஆறாயிரம், இந்த வருஷத்து இரண்டாயிரம், ஆக எட்டாயிரம். மண்டபத்தில் அன்றைக்கே பையில் இருந்த மூவாயிரத்தைக் கொடுத்துவிட்டேன். மீதியைக் கட்ட வழியில்லாமல் இல்லை. டீசல் செலவு போகப் பணம் பெட்டியில்தான் இருந்தது. ஏனோ எடுத்துப் போகவில்லை.

போன ஞாயிறு நன்மை வாங்கிவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உபதேசியார் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாக வாசித்தார். எனக்கு முன்னால் ஒன்பது பேர். என் பேர் வந்தபோது மற்றவர்களுக்கு வாசித்த அதே சலித்த குரலில்தான் வாசித்தார். ஆண்கள் பக்கம் யாரோ இருமினார்கள். அது இருமல்தானா என்று திரும்பிப் பார்க்கலாமா வேண்டாமா என்று தடுமாறிக்கொண்டிருக்கும்போதே அவர் தொகையையும் சொல்லிவிட்டார். பாக்கி ஐயாயிரம் ரூபாய்.